தட்டுப் பிழையும் அதன் திருத்தமும்

கணிப்பொறித் தட்டுகளில் எழுதிவைத்த செய்தி, சில காலத்திற்குப்பின் படிக்கவியலாது போதல் உண்டு. பொறி பிழையறிவித்த மாத்திரத்தே யாவும் அழிந்தனவென்று கைவிடுவார் பலர். பதறிப் பலவும் செய்து, எஞ்சியதையும் இழப்பார் சிலர். இவ்விரண்டும் வேண்டா. முதற்கண் பிழையின் இயல்பை அறிதல் வேண்டும்.

1982ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த குறுந்தகட்டை எடுத்துக்கொள்வோம். அதன் கனம் 1.2 மில்லிமீட்டர். ஒளி ஊடுருவும் பாலிகார்பனேட்டின்மேல் மெல்லிய அலுமினியப் படலமும், அதன்மேல் காப்புப் பூச்சும் உள. செய்தியானது நடுவினின்று விளிம்பு நோக்கிச் சுருள்வழியே செல்லும் நுண்குழிகளாய் அமைந்துள்ளது. அதனை லேசர் ஒளி அடிப்புறமிருந்து படிக்கும்.

சிறு கீறல் விழுந்த தகடும் செவ்வனே ஒலிப்பது எங்ஙனம்? ஏட்டுச் சுவடியில் ஓரெழுத்தைச் செல்லரித்துவிடின், எதுகையையும் சீரையும் துணைக்கொண்டு பதிப்பாசிரியர் அதனை உய்த்துணர்வர் அன்றோ? செய்தியோடு கூடிய ஒழுங்கே இழந்ததை மீட்கும் கருவியாகின்றது. 1950இல் ரிச்சர்ட் ஹாமிங் என்னும் அமெரிக்கர் இத்தகைய நெறியொன்றை எண்களுக்கு வகுத்துரைத்தார். 1960இல் இர்விங் ரீட், குஸ்தாவ் சாலமன் என்னும் இருவர் கண்ட முறையே குறுந்தகட்டில் பயில்வது. அதன்கண் 24 பைட் செய்திக்கு 8 பைட் காவலாகச் சேர்க்கப்பெறும். அன்றியும், அடுத்தடுத்த பைட்டுகள் இடம்விட்டுப் பரப்பி எழுதப்படும். ஆதலின் ஒரு கீறல் ஒரு தொகுதியை முழுதும் விழுங்காது, பல தொகுதிகளில் சிறிது சிறிதே கவரும். சுருள்வழியில் ஏறக்குறைய 2.5 மில்லிமீட்டர் நீளப் பழுதையும் இம்முறை திருத்தவல்லது. அவ்வெல்லை கடந்தவிடத்தே பிழை தோன்றும்.

தோன்றின், மெல்லிய துணியால் நடுவினின்று விளிம்பு நோக்கி நேராகத் துடைக்க, வட்டமாகத் துடையற்க. வட்டக் கீறல் சுருளோடு நெடுந்தூரம் உடன்செல்லும். நேர்க்கீறலோ அதனைக் குறுக்கே கடந்தொழியும். மேற்புறத்தைச் சுரண்டற்க. அலுமினியப் படலம் அப்பூச்சின் அடியிலேயே உள்ளது; அது பெயர்ந்தால் மீட்சியில்லை. அடிப்புறத்து மேலோட்டமான கீறல் மெருகிட்டால் பெரும்பாலும் தீரும். வேறொரு பொறியில் இட்டுப் பார்த்தலும் நன்று.

வன்தட்டின் நிலை வேறு. சுழலும் தட்டின்மேல் நூலிழையினும் நுண்ணிய இடைவெளியில் படிக்கும் முனை இயங்குகின்றது. பழுதுற்றபின் அதனை ஓட்டுந்தோறும் சேதம் பெருகக்கூடும். டக்டக்கென்னும் ஒலி கேட்பின் உடனே மின்னை நிறுத்தி, வல்லுநரிடம் சேர்க்க. ஒலியின்றிப் பிழை மட்டும் தோன்றின், அத்தட்டில் எழுதுதலை விடுத்து, வேறு தட்டிற்குப் படியெடுக்க. டிடிரெஸ்கியூ என்னும் நிரல், எளிதிற் படிக்கவாகும் பகுதிகளை முன்னர்ப் படியெடுத்து, பழுதானவற்றைக் குறித்துவைத்து, பின்னரே அவற்றை மீண்டும் முயலும். பழுதுபார்க்கும் நிரல்கள் தட்டில் எழுதியே திருத்துவன. ஆதலின் அவற்றை மூலத்தின்மேல் ஏவாது, படியின்மேல் ஏவுக. படி முந்துக, திருத்தம் பிந்துக.

காவல் பைட்டுகளுக்கு எல்லையுண்டு; அவ்வெல்லைக்கு அப்பால் காப்பது இரண்டாம் படி ஒன்றே. மறைந்த தந்தையின் குரலோ, ஊர்ப் பாட்டி பாடிய தாலாட்டோ ஒரே தட்டில் இருக்குமாயின், நண்பர்காள், தட்டு நலமாயிருக்கும்போதே பிறிதொன்றிற் படியெடுத்து, வேறிடத்து வைப்பீராக.