நீலத் திமிங்கிலமும் பெருநீலப் பட்டாம்பூச்சியும்

பெயரில் நிறம் ஒன்றாயினும் உருவில் இவ்விரண்டிற்கும் ஒப்புமை இல்லை. நீலத் திமிங்கிலம் 30 மீட்டர் வரை நீளும். பெருநீலமோ சிறகு விரித்தால் சுமார் 4 சென்டிமீட்டரே.

திமிங்கிலத்தின் பகை வேட்டையாகும். 20-ஆம் நூற்றாண்டில் 3 இலட்சத்திற்கு மேற்பட்டவை கொல்லப்பட்டன. 1966-இல் சர்வதேசத் திமிங்கில வேட்டைக் கமிஷன் தடை விதித்தது. களவு வேட்டையும் ஓய்ந்தபின் இனம் மெல்லப் பெருகுகின்றது. இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒரு கன்றே ஈனும் பிராணி விரைந்து பெருகுதல் எங்ஙனம்?

பிரிட்டனில் பெருநீலத்திற்கும் தடையே மருந்தெனக் கருதினர். பூச்சி சேகரிப்போர் புகாவண்ணம் புல்வெளிகளுக்கு வேலியிட்டனர்; கால்நடைகளும் உட்புகவில்லை. பிற இடங்களில் 1950-களில் முயல்கள் கொள்ளைநோயால் மடிந்தன. புல் ஓங்கியது, நிழலால் மண் குளிர்ந்தது, வெப்பம் நாடும் ஒருவகைச் செவ்வெறும்பு அருகியது. இதன் விளைவை எவரும் எதிர்பார்த்திலர். இப்பூச்சியின் புழு முதலில் தைம் செடியின் பூவைத் தின்னும். பின்னர் நிலத்தில் விழும். எறும்பு அதனைத் தன் குஞ்செனக் கருதிப் புற்றுக்குத் தூக்கிச் செல்லும். அங்கே அது எறும்புக் குஞ்சுகளையே தின்று வளரும்! ஜெரமி தாமஸ் என்னும் ஆய்வாளர் இவ்வெறும்பின் இன்றியமையாமையைக் கண்டறிந்தபோது காலம் கடந்திருந்தது. 1979-இல் பூச்சி அந்நாட்டில் அற்றுப்போயிற்று.

1983-இல் ஸ்வீடனிலிருந்து புழுக்கள் கொணரப்பட்டன. கால்நடை மேய்ந்து புல் குட்டையான சரிவுகளில் பெருநீலம் இன்று மீண்டும் பறக்கின்றது.