பல் பிடுங்கப் பயமா?

பல் வைத்தியரின் கதிரையில் இருக்கவே நடுங்குபவர்கள் நம்மிடையே பலர். மொன்றியலில் அதற்கு வழிகள் உண்டு. ஆனால் இவை பயத்தைத் தணிப்பவை. நோவை மறைப்பது விறைப்பூசிதான். அது பெரும்பாலும் எப்படியும் போடப்படும்.

மூக்கால் சுவாசிக்கும் நைட்ரஸ் ஒக்சைட் வாயு பழையது. 1844இல் அமெரிக்கப் பல் வைத்தியர் ஹொரஸ் வெல்ஸ் தம் பல்லையே பிடுங்குவித்துச் சோதித்தது. ஒட்சிசன் தந்த சில நிமிடங்களில் தெளிந்துவிடும்; தனியே வருபவருக்கு இதுவே வசதி. குளிசை அப்படியல்ல. தெளிய மணிக்கணக்காகும். அன்று கார் ஓட்டக்கூடாது, மெட்ரோவிலும் தனியே போகக்கூடாது.

நாளத்தில் ஏற்றும் மருந்துக்கும் துணை வேண்டும். அதற்கும் முழு மயக்கத்துக்கும் வெறுவயிறாக வரச் சொல்வார்கள். "ஒரு வாய் பால் தேத்தண்ணிதானே" என்று குடித்துவிட்டு மறைக்காதீர்கள். மயக்கத்தில் வாந்தி நுரையீரலுக்குள் போகலாம். நீரிழிவுக்காரர் அன்றைய இன்சுலினைப் பற்றி முன்பே கேட்கவேண்டும். பலத்த குறட்டை, நித்திரைக் குளிசை, இவற்றையும் (வெட்கப்படாமல்) சொல்லுங்கள். பிரெஞ்சு விளங்காத பெற்றோருடன் மொழி தெரிந்த பெரியவர் ஒருவர் போகட்டும்.

10 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளின் பரிசோதனைக்கும் பல் அடைப்புக்கும் கியூபெக் மெடிகெயர் காட் உதவும். மயக்க மருந்துக்கு வேறாகக் காசு கட்டவேண்டுமா என்பதை நேரம் எடுக்கும்போதே கேளுங்கள்.