பாரிஸில் ஒரு சனி, ஞாயிறு: மாணவர்களுக்குச் சில குறிப்புகள்

ஜெர்மனிக்குப் படிக்க வந்த இரண்டு வருடத்தில் மூன்று முறை பாரிஸ் போய்வந்தேன். மூன்றுமே வெள்ளி இரவு பஸ் ஏறி, திங்கள் காலை வகுப்புக்குத் திரும்பிய பயணங்கள். முதல் முறை பதினான்கு இடங்களை எழுதி வைத்துக்கொண்டு ஓடினேன். எதுவும் மனதில் நிற்கவில்லை. மூன்றாவது முறைதான் ஊரைக் கண்ணாரப் பார்த்தேன். அடுத்துக் கிளம்புகிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

1. ஒரு நாளைக்கு இரண்டு இடம் போதும். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. நடுவில் நடங்கள். சேன் நதிக்கரையோரம் நடப்பதற்குக் காசு கிடையாது. பாரிஸின் அழகில் பாதி அந்தக் கரையில்தான் இருக்கிறது.

2. ஷெங்கன் நாடுகளுக்குள் சோதனை இருக்காது என்று நம்பிப் பாஸ்போர்ட்டை அறையில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். நள்ளிரவில் எல்லையில் பஸ்ஸை நிறுத்திப் போலீஸார் பார்ப்பதுண்டு. பாஸ்போர்ட், குடியிருப்பு அட்டை இரண்டும் அசலாகவே கையில் இருக்க வேண்டும். மாணவர் அட்டையையும் சேர்த்து வையுங்கள்.

3. முதல் நாள் சாப்பாட்டைக் கையோடு கொண்டுபோங்கள். அதற்குப் புளியோதரைதான் சரி. நல்லெண்ணெய் தாராளமாக விட்டு, எண்ணெய் பிரிந்து மேலே வரும்வரை புளிக்காய்ச்சலைச் சுண்டவிடுங்கள். வியாழக்கிழமையே செய்து வைத்துவிடலாம். வெள்ளி மாலை சாதத்தை உதிரியாக வடித்து, தட்டில் பரப்பிச் சூடு முழுக்க ஆறிய பிறகு கலந்து டப்பாவில் அடையுங்கள். சூட்டோடு மூடினால் வியர்த்துக் கெட்டுவிடும். சனி மதியத்துக்குள் சாப்பிட்டு முடித்துவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்கு மிளகாய்ப் பொடி தடவிச் சுருட்டிய சப்பாத்தி போதும். என் டப்பா ஒருமுறை கசிந்து, பாஸ்போர்ட் உறை வரைக்கும் எண்ணெய் ஏறிவிட்டது. அதிலிருந்து டப்பாவின் வாயில் ஒரு துண்டு பிளாஸ்டிக் தாளை வைத்து மூடியைத் திருகி, தனிப் பைக்குள் போட்டுத்தான் எடுத்துப் போகிறேன். தயிர் சாதம் பஸ் பயணத்துக்கு வேண்டாம்.

4. முதுகில் மாட்டும் சின்னப் பை ஒன்று மட்டும். லூவ்ர் அருங்காட்சியகத்தில் 55 × 35 × 20 செ.மீ.க்கு மேலான பையை உள்ளே விடமாட்டார்கள்.

5. மெட்ரோவில் நாவிகோ வார பாஸ் எடுத்து ஏமாறாதீர்கள். அதன் வாரம் திங்களில் தொடங்கி ஞாயிறோடு முடிந்துவிடும். சனிக்கிழமை வந்திறங்குகிறவருக்கு அது தண்டச் செலவு. 2 யூரோ கொடுத்து நாவிகோ ஈஸி அட்டை வாங்கி, வேண்டிய டிக்கெட்டை அதில் ஏற்றிக்கொள்ளலாம். ஒரே அட்டையை இரண்டு பேர் ஒரே நேரத்தில் பயன்படுத்த முடியாது. ஆளுக்கொன்று வாங்க வேண்டும். 2025 ஜனவரியிலிருந்து மெட்ரோவுக்கு ஒரு டிக்கெட், பஸ்ஸுக்கும் டிராமுக்கும் வேறு டிக்கெட். ஒரே டிக்கெட்டில் மெட்ரோவிலிருந்து பஸ்ஸுக்கு மாற முடியாது.

6. வயது 18க்கும் 25க்கும் இடையில் இருந்து, ஐரோப்பிய ஒன்றிய நாட்டில் வசிப்பதற்கான அட்டையும் இருந்தால் லூவ்ர், ஓர்சே, ஒராஞ்சரி ஆகிய மூன்று அருங்காட்சியகங்களிலும் அனுமதி இலவசம். இந்தியப் பாஸ்போர்ட் என்பது இதற்குத் தடையில்லை. நம் மாணவர்களில் பலர் இது தெரியாமல் முழுக் கட்டணம் கட்டுகிறார்கள் என்பது எனக்கு மிகுந்த வருத்தம். இலவசமானாலும் நேரத்தை இணையத்தில் முன்பதிவு செய்துகொள்ளுங்கள். வயது தாண்டியவர்கள் மாதத்தின் முதல் ஞாயிறன்று போகலாம். ஓர்சேயிலும் ஒராஞ்சரியிலும் அன்று எல்லோருக்கும் இலவசம். பாரிஸ் நகர வரலாற்றைச் சொல்லும் கார்னவாலே அருங்காட்சியகத்தின் நிரந்தரக் கூடங்களுக்கு எந்நாளும் கட்டணமில்லை.

7. மூன்றில் ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் ஒராஞ்சரிக்குப் போங்கள் என்பேன். முதல் உலகப்போர் நின்ற மறுநாள், 1918 நவம்பர் 12 அன்று, ஓவியர் மோனே தன் அல்லிக்குள ஓவியங்களைப் பிரான்ஸ் நாட்டுக்குக் கொடுக்க முன்வந்தார். அவர் 1926இல் இறந்தார். மறு வருடம் அவை இங்கே மக்கள் பார்வைக்கு வந்தன. முட்டை வடிவில் இரண்டு அறைகள். சுவரோடு வளைந்து செல்லும் எட்டுப் பெரிய ஓவியங்கள். வெளிச்சம் கூரை வழியாக இறங்குகிறது. நடுவில் பெஞ்ச் இருக்கிறது. அதில் கால் மணி நேரம் சும்மா உட்காருங்கள். நான் உட்கார்ந்திருந்தபோது வெளியே மேகம் நகர்ந்தது. ஓவியத்தின் நீலம் கறுத்து, பிறகு மெல்லத் தெளிந்தது. பக்கத்தில் போய்ப் பார்த்தால் வெறும் தூரிகைத் தீற்றல். நாலடி பின்னால் வந்தால் குளம்.

8. லூவ்ருக்குத்தான் போவேன் என்கிறவர்கள், மோனாலிசா முன்னால் நின்றுவிட்டு அப்படியே திரும்பிப் பாருங்கள். மோனாலிசா 77 செ.மீ. உயரம்தான். அதற்கு எதிர்ச்சுவரில் ஓவியர் வெரோனேசேயின் ‘கானா ஊர்க் கல்யாண விருந்து’ ஓவியம், கிட்டத்தட்ட 10 மீட்டர் அகலத்தில் தொங்குகிறது. கூட்டம் முழுக்க அதற்கு முதுகு காட்டி நிற்பதால் நிதானமாகப் பார்க்கலாம்.

9. தண்ணீர் பாட்டில் விலைக்கு வாங்க வேண்டாம். தெருவோரம் கரும்பச்சை நிறத்தில், நான்கு பெண்கள் குடை போன்ற கூரையைத் தாங்கி நிற்கும் வாலஸ் நீரூற்றுகளைக் காணலாம். 1872இலிருந்து இருக்கின்றன. குளிர்காலம் தவிர மற்ற நாட்களில் நல்ல குடிநீர் வரும், பாட்டிலை நிரப்பிக்கொள்ளுங்கள்.

10. சோறு தேடினால் கார் து நோர் ரயில் நிலையத்திலிருந்து நடந்து லா சப்பெல் போங்கள். ஈழத்தமிழர்கள் ‘லாச்சப்பல்’ என்பார்கள். பெயர்ப்பலகைகள் தமிழில், மளிகைக் கடை வாசலில் முருங்கைக்காய், கறிவேப்பிலை. கடைக்கார அக்கா “என்ன பிள்ளை, படிக்க வந்தனீங்களோ?” என்று கேட்டபடி ரோல்ஸை எடுத்துத் தந்தார். ஆறு மாதம் கழித்து முகம் பார்த்துத் தமிழ் கேட்டதில் எனக்குத் தொண்டை அடைத்தது. பக்கத்தில் பஜோல் தெருவில் மாணிக்க விநாயகர் ஆலயம் இருக்கிறது. கோடை முடியும் சமயம் தேர் வரும். தெருவில் தேங்காய் மலைபோல் குவியும்.

11. சாக்ரே கேர் தேவாலயப் படிக்கட்டில் நட்பாகச் சிரித்து மணிக்கட்டில் நூல் கட்ட வருவார்கள். கட்டி முடித்ததும் காசு கேட்பார்கள். கையைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு நிற்காமல் ஏறுங்கள். மனுவில் கையெழுத்துக் கேட்பவர்களிடமும் நிற்க வேண்டாம். மெட்ரோவில் பையை முன்பக்கம் மாட்டுங்கள்.

12. ஐஃபில் கோபுரத்தில் இரண்டாவது தளம் வரை 674 படிகள் ஏறலாம். லிஃப்டைவிடக் கட்டணம் குறைவு. ஏறாவிட்டாலும் குறையில்லை. இருட்டிய பிறகு மணிக்கொரு முறை, சரியாக மணியடிக்கும் நேரத்தில், 20,000 விளக்குகள் ஐந்து நிமிடம் மினுங்கும். ட்ரோகதேரோ மேடையில் பத்து நிமிடம் முன்பே இடம் பிடியுங்கள். முதல் இரண்டு நிமிடம் படம் எடுத்துவிட்டு, மீதி மூன்று நிமிடம் போனைப் பைக்குள் வையுங்கள். இதைச் சனிக்கிழமை இரவே பார்த்துவிடுங்கள். ஞாயிறு இரவுக்குத் தள்ளினால் திரும்பும் பஸ்ஸை விட்டுவிடுவீர்கள்.