இணையத் தொலைபேசி: இலாபமும் கவனிக்க வேண்டியவையும்

வெளிநாட்டில் தொழில் செய்யும் பிள்ளையோடு பேசுவதற்காகக் கொம்யூனிகேஷன் கடைக்குப் போய், கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துப் பேசிய காலம் எமது வாசகர்களில் பலருக்கு நினைவிருக்கும். இலங்கையில் வெளிநாட்டு அழைப்புகளுக்கான தனியுரிமை 2002 ஆகஸ்ட் வரை ஸ்ரீலங்கா டெலிகொம் நிறுவனத்திடமே இருந்தது. போட்டியில்லாத இடத்தில் விலை இறங்காது என்பதை வியாபாரிக்குச் சொல்லித் தரத் தேவையில்லை. இன்று அதே பேச்சு டேட்டாச் செலவோடு முடிந்துவிடுகிறது. இது எப்படிச் சாத்தியமானது, வீட்டுக்கும் கடைக்கும் இதனை எடுக்கும்போது எவற்றைக் கவனிக்க வேண்டும் என்பவற்றை இவ்வாரம் பார்ப்போம்.

பழைய முறையில் இருவர் பேசி முடியும் வரை அவர்களுக்கென்றே ஒரு பாதை ஒதுக்கப்படும். இருவரும் மௌனமாக இருந்தாலும் அந்தப் பாதை வேறு யாருக்கும் கிடைக்காது. இது ஒரு மூட்டைச் சாமானுக்கு முழு லொறியையும் வாடகைக்குப் பிடிப்பது போன்றது. இணையத் தொலைபேசியில் குரல் சிறு சிறு பொதிகளாக, பெரும்பாலும் வினாடிக்கு 50 பொதிகள் என்ற கணக்கில், ஏனைய தரவுகளோடு கலந்து செல்கிறது. பலருடைய சாமான்களையும் ஒரே லொறியில் ஏற்றினால் கூலி குறையும் அல்லவா? இங்கும் அதுதான் நடக்கிறது.

1995இல் வொக்கல்டெக் என்ற நிறுவனம் கணனிக்குக் கணனி பேசும் மென்பொருளை விற்பனைக்கு விட்டது. 1999இல் சாதாரண கணனியொன்றையே அலுவலகத் தொலைபேசி எக்ஸ்சேஞ்சாக மாற்றும் அஸ்டரிஸ்க் என்ற இலவச மென்பொருளை மார்க் ஸ்பென்சர் உருவாக்கினார். அமெரிக்காவில் வொனேஜ் போன்ற நிறுவனங்கள் வீட்டிலிருந்த பழைய தொலைபேசியையே சிறு பெட்டியொன்றின் மூலம் இணையத்தோடு இணைத்து, மாதாந்தக் கட்டணத்துக்குச் சேவை வழங்கின. 2003 ஆகஸ்டில் ஸ்கைப் வந்தது. 2011இல் அதனை மைக்ரோசொப்ட் 850 கோடி டொலருக்கு வாங்கியது. 2015இல் வட்ஸ்அப்பிலும் பேசும் வசதி வந்தது.

இனி கடைக் கணக்குக்கு வருவோம். தெளிவான தரத்தில் ஓர் அழைப்புக்கு ஒவ்வொரு திசையிலும் சுமார் 90 கிலோபிட் வேகம் தேவை. ஒரே நேரத்தில் ஐவர் பேசினால் 450 கிலோபிட். இது பெரிய அளவல்ல. ஆனால் இணைப்பை விற்பவர் பெருமையாகச் சொல்வது தரவிறக்க வேகத்தையே. எமது குரல் போவது தரவேற்றப் பாதையில். ஆகவே அந்த வேகத்தைத் தனியாகக் கேட்டறிய வேண்டும். குரல் மறுமுனையை அடைய 150 மில்லி வினாடிக்கு மேல் தாமதித்தால் இருவரும் ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டத் தொடங்குவர். கடையின் சீசீடிவி கமராவும் அதே இணைப்பில் படங்களை அனுப்பிக்கொண்டிருந்தால் இந்தத் தொல்லை அதிகரிக்கும். ரவுட்டரில் குரலுக்கு முன்னுரிமை கொடுக்கும்படி தொழில்நுட்பவியலாளரிடம் சொல்லுங்கள்.

விலைப்பட்டியலில் காணப்படாத விடயங்கள் நான்கு.

முதலாவது மின்சாரம். பழைய செப்புக் கம்பித் தொலைபேசிக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே மின்சாரம் வந்தது. இணையத் தொலைபேசியோ ரவுட்டர் அணைந்தவுடன் ஊமையாகிவிடும். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. ரவுட்டருக்கு யூ.பி.எஸ். ஒன்றின் விலையையும் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது அவசர அழைப்பு. அமெரிக்காவில் சில இணைய அழைப்புகள் அவசர சேவையைச் சரியாகச் சென்றடையாததால், 2005இல் அந்நாட்டுத் தொடர்பாடல் ஆணைக்குழு இதற்கெனக் கட்டாய விதி கொண்டுவந்தது. வட்ஸ்அப்பிலிருந்து 119ஐயோ 1990ஐயோ அழைக்க முடியாது. பிரித்தானியாவில் பழைய இணைப்புகளை நிறுத்துவதற்கான இறுதித் திகதி 2025 டிசம்பரிலிருந்து 2027 ஜனவரிக்குத் தள்ளிப்போடப்பட்டதற்கு, முதியோர் அணியும் உதவிக் கருவிகள் வேலை செய்யாமல் போகலாம் என்ற அச்சமும் ஒரு காரணம். வீட்டில் நோயாளியோ வயோதிபரோ இருந்தால் சாதாரண அழைப்பு எடுக்கக்கூடிய கையடக்கத் தொலைபேசி ஒன்று எப்போதும் சார்ஜில் இருக்கட்டும்.

மூன்றாவது திருட்டு. இலகுவான இரகசியச் சொல் வைத்த எக்ஸ்சேஞ்சுக்குள் இரவிலும் விடுமுறை நாட்களிலும் புகுந்து, கட்டணம் கூடிய வெளிநாட்டு இலக்கங்களுக்கு அழைப்பெடுக்கும் கூட்டங்கள் உலகெங்கும் உள்ளன. பில் உரிமையாளரின் பெயருக்கே வரும். தேவையற்ற நாடுகளுக்கான அழைப்பை மூடிவைப்பதும், நாளாந்தச் செலவுக்கு எல்லை போடுவதும் இதற்குப் பரிகாரம்.

நான்காவது இலக்கம். உலகமே பாவித்த ஸ்கைப் 2025 மே மாதம் மூடப்பட்டது. பதாகையிலும் பில் புத்தகத்திலும் அச்சடித்த கடை இலக்கம் சேவை நிறுவனத்தோடு சேர்ந்து போய்விட்டால் வாடிக்கையாளர் எம்மைத் தேடுவது எப்படி? சேவை நின்றால் இலக்கம் யாருக்குரியது என்பதை ஒப்பந்தத்தில் எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.

இவற்றையெல்லாம் கூட்டிப் பார்த்த பின்பும் கிளைகளும் வெளிநாட்டுக் கொடுக்கல் வாங்கலும் உள்ளவர்களுக்கு இலாபம் மிஞ்சவே செய்யும். ஒரேயொரு கடை, நாளுக்குப் பத்துப் பதினைந்து அழைப்பு என்றிருப்பவர் அவசரப்படத் தேவையில்லை. எதற்கும் கடந்த மூன்று மாதத் தொலைபேசிப் பில்களை எடுத்து, வெளிநாட்டுக்கு எவ்வளவு, கிளைகளுக்கிடையே எவ்வளவு, வாடிக்கையாளருக்கு எவ்வளவு என்று பிரித்து எழுதிப் பாருங்கள். அதன் பின்னர் விற்பனைப் பிரதிநிதியைக் கடைக்கு அழையுங்கள்.