முதுமையும் மூளையும்

(மூன்றாம் ஆண்டு விலங்கியல் மாணவி)

எங்கள் வீட்டில் பால் கணக்கு எழுதுபவர் பாட்டிதான். நாட்காட்டியில் தேதிக்குக் கீழே அவர் போடும் கோடு ஒரு நாளும் தவறியதில்லை. ஒரு சமயம் அக்கணக்கு குழம்பத் தொடங்கியது. கேட்டதையே மீண்டும் கேட்டார். "வயதாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும்" என்று நாங்கள் ஓராண்டு வாளாவிருந்தோம். அப்படி இருந்தது சரியா? இவ்வினாவே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

மூளை சுருங்குவது ஏன்?

வளர்ந்த மனிதனின் மூளை ஏறத்தாழ 1,300 முதல் 1,400 கிராம் எடையுள்ளது. நாற்பது வயதுக்குப் பின் அதன் கன அளவு பத்தாண்டுக்குச் சுமார் 5 விழுக்காடு குறைவதாக மதிப்பிடுகின்றனர். நரம்பணுக்கள் பெருமளவில் மடிவதே இதற்குக் காரணம் என்று முன்பு கருதினர். ஆனால் இயல்பான முதுமையில் அணுக்களின் இழப்பு குறைவே. அணுக்கள் சிறுத்துப்போவதும், அவற்றின் கிளைகளும் இணைப்புகளும் குறைவதுமே முதன்மைக் காரணங்களாம். இதனால் ஒருவர் பெயர் நினைவுக்கு வரச் சற்றுத் தாமதமாகலாம். சொல்வளமும் பட்டறிவும் பெரும்பாலும் குன்றுவதில்லை.

நோயினால் வரும் சுருக்கம் வேறு. 1901-ஆம் ஆண்டு ஜெர்மனியின் பிராங்க்பர்ட் மருத்துவமனையில் அகஸ்டே டேட்டர் என்ற 51 வயதுப் பெண்ணை அலாய்ஸ் அல்சைமர் என்னும் மருத்துவர் ஆராய்ந்தார். அப்பெண்ணால் தம் பெயரைக்கூட முழுமையாக எழுத இயலவில்லை. 1906-இல் அவர் இறந்தபின் மூளையைச் சோதித்தபோது, அது சுருங்கியிருந்ததோடு, புரதப் படிவுகளும் நரம்பணுக்களினுள் இழைச் சிக்கல்களும் காணப்பட்டன. அதுவே இன்று அல்சைமர் நோய் எனப்படுகிறது.

சுருங்கினும் மங்காத அறிவு

மூளையில் மாற்றம் நிகழ்ந்தால் அறிவு மங்கியே தீருமா? அமெரிக்காவில் 1986-இல் தொடங்கிய ஆய்வொன்றில் 678 கன்னியாஸ்திரீகள் பங்கேற்றனர். இறந்தபின் தம் மூளையை ஆய்வுக்கு அளிக்கவும் இசைந்தனர். அவர்களுள் சிலரது மூளையில் நோயின் அடையாளங்கள் நிறைந்திருந்தும், இறுதிவரை அவர்கள் அறிவு தெளிவாகவே இருந்தது! கல்வியாலும் உழைப்பாலும் மூளை ஒருவகைச் சேமிப்பைத் திரட்டிக்கொள்கிறது என்பது அறிஞர் கருத்து.

நம் நாட்டிலும் சான்றுண்டு. ஐதராபாத்தில் 648 நோயாளிகளை ஆராய்ந்து 2013-இல் வெளியான முடிவின்படி, ஒரே மொழி பேசுவோரைவிட இரு மொழி பேசுவோருக்கு மறதி நோய் சராசரியாக நாலரை ஆண்டுகள் தாமதமாகத் தோன்றியது. எழுத்தறியாதவர்களிடமும் இவ்வேறுபாடு காணப்பட்டது.

நாம் செய்யக்கூடியது

120 முதியோரைக் கொண்டு அமெரிக்காவில் நடத்திய மற்றோர் ஆய்வு 2011-இல் வெளியாயிற்று. வாரம் மூன்று நாள், நாற்பது நிமிடம் என ஓராண்டு நடைப்பயிற்சி செய்தவர்களுக்கு, நினைவுக்குரிய ஹிப்போகேம்பஸ் பகுதி 2 விழுக்காடு பெருகியது. தசைநீட்டல் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு அது 1.4 விழுக்காடு குறைந்தது. பின்வந்த ஆய்வுகள் யாவும் இதே அளவு பயனைக் காட்டவில்லை. ஆயினும் நடை உடலுக்கு நலம் பயப்பதில் ஐயமில்லை. இரத்த அழுத்தம், நீரிழிவு, புகைபிடித்தல், காது கேளாமை, தனிமை ஆகியவற்றைக் கவனித்தால் மறதி நோயின் அபாயம் குறையும் என்றும் கூறுகின்றனர்.

யாவற்றினும் முக்கியமானது ஒன்றுண்டு. மறதி அனைத்தும் முதுமையின் விளைவன்று. வைட்டமின் பி12 குறைவு, தைராய்டுக் குறைபாடு, மனச்சோர்வு, சில மருந்துகள் ஆகியவையும் மறதியைத் தரும். இவற்றுக்குப் பரிகாரம் உண்டு. கண்ணாடியை எங்கே வைத்தோம் என மறப்பது இயல்பு. பழகிய தெருவில் வழி தெரியாமல் நிற்பது இயல்பன்று. பின்னதைக் கண்டால் மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும்.

எங்கள் பாட்டிக்கு இரத்தப் பரிசோதனையில் பி12 குறைவு தெரியவந்தது. சில மாத ஊசிகளுக்குப் பின், முன்போல் முழுமையாக இல்லாவிடினும், பால் கணக்கை மீண்டும் அவரே எழுதுகிறார். வீணான அந்த ஓராண்டுக்கு அவர் வயது காரணமன்று. எங்கள் அசட்டையே காரணம். நண்பர்களே, இந்த விடுமுறையில் வீடு செல்லும்போது உங்கள் பாட்டி, தாத்தாவுடன் சற்று நேரம் அமர்ந்து பேசுங்கள். அவர்களிடம் ஏற்படும் மாற்றத்தை முதலில் கண்டறியக்கூடியவர்கள் நாமே.