ஊர்ச் சரித்திரம் எழுதிய நீதிபதி

சென்னையினின்றும் கூடூர் நோக்கிச் செல்லும் இருப்புப்பாதையில், பொன்னேரிக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் இடையே கவரைப்பேட்டை என்னும் நிலையம் ஒன்றுண்டு. அவ்வூருக்கு அப்பெயர் எங்ஙனம் வாய்த்தது என்று வினவினால், கவரைகள் வாழ்ந்த பேட்டை என்று எளிதில் விடை கூறிவிடலாம். கவரை என்பது தெலுங்கு பேசும் வணிக வகுப்பார்க்குத் தமிழ்நாட்டில் வழங்கிவந்த பெயர். பேட்டை என்பது கடையும் சந்தையும் கூடிய குடியிருப்பு. விடை பொருத்தமாகவே தோன்றுகின்றது. ஆயினும் இவ்விடையை ஒரு வழக்கறிஞர் முன்னர் வைப்போமாயின் அவர் வாளா இரார். அவர்கள் எக்காலத்து வந்தனர்? எவர் குடியேற்றினர்? பட்டயம் உண்டோ? பழைய நிலக்கணக்கில் அவர் பெயர் காணப்படுகின்றதோ? இங்ஙனம் வினாமேல் வினாவாக எழுப்பி, விடையென நாம் எண்ணியதை வெறும் ஊகமென்று காட்டிவிடுவார்.

இதனால் நாம் அறியத்தக்கது ஒன்றுண்டு. நீதிமன்றத்திற்கும் சரித்திரத்திற்கும் உரிய முறை பெரும்பாலும் ஒன்றே. சான்றைத் தேடுதல், சான்று கூறுவோன் நேரிற் கண்டவனோ பிறர் சொல்லக் கேட்டவனோ என்று ஆராய்தல், இரு திறத்தார் கூற்றையும் ஒத்துப்பார்த்தல், பின்னரே முடிவு கூறுதல் ஆகிய இவை நீதிபதிக்கும் சரித்திர ஆசிரியனுக்கும் பொதுவாய கடமைகளாம். ஆகலின், நீதித்துறையிற் பழகிய சிலர் தாம் வாழ்ந்த நாட்டின் சரித்திரத்தை எழுதப் புகுந்தது வியப்பன்று. இலங்கையிலே கற்பிட்டியிற் பிறந்து 1834-ஆம் ஆண்டில் இலங்கை நாட்டு விவர அகராதி ஒன்றை ஆங்கிலத்தில் வெளியிட்டவரும், 1859-இல் தமிழ்ப் புலவர் சரிதங்களைத் தொகுத்தவருமாகிய சைமன் காசிச்செட்டி (1807–1860), சிலாபத்தில் நீதிபதியாயிருந்தவர். 1887-இல் கலித்தொகையை முதன்முதல் அச்சேற்றிய சி. வை. தாமோதரம் பிள்ளை புதுக்கோட்டை ஸமஸ்தானத்தில் நீதிபதிப் பதவி வகித்தவர். இவ்வரிசையில் வைத்து எண்ணத்தக்க வேறொருவரை நம் மாணவ நண்பர்க்கு ஈண்டு அறிமுகம் செய்ய விழைகின்றோம். அவர் ஜேம்ஸ் ஹென்றி நெல்சன் (1838–1898) என்னும் ஆங்கிலேயர்.

நெல்சன் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியிற் பயின்று, சென்னை மாகாணத்து ஸிவில் உத்தியோகத்திற் சேர்ந்தவர். அரசாங்கத்தார் ஆணைப்படி அவர் தொகுத்த மதுரை நாட்டு விவர நூல் 1868-ஆம் ஆண்டில் வெளிவந்தது. அப்போது அவருக்கு வயது முப்பது. அக்காலத்து மதுரை ஜில்லா என்பது இப்போதைய மதுரை, திண்டுக்கல், தேனி, சிவகங்கை, இராமநாதபுரம் ஆகியவற்றைத் தன்னுள் அடக்கிய பெருநிலப்பரப்பு. அந்நிலத்தின் மலையும் ஆறும், விளைவும் வரியும், குடிகளும் அவர்தம் ஒழுக்கமும், பாண்டியர் முதல் கும்பினியார் வரை ஆண்டோர் வரலாறும் அந்நூலில் அடங்கியுள்ளன. இதன் பின்னரே திருச்சிராப்பள்ளி, தென்னாற்காடு, திருநெல்வேலி, தஞ்சாவூர் முதலிய ஜில்லாக்களுக்கு விவர நூல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிவந்தன. பொன்னேரித் தாலூகாவை உட்கொண்டிருந்த செங்கற்பட்டு ஜில்லாவிற்குக் குரோல் என்பார் தொகுத்த நூல் 1879-இல் வெளிவந்தது.

நெல்சன் தம் நூலுக்குச் சான்று தேடிய வகை நாம் கருதத்தக்கது. காலின் மெக்கன்ஸி தொகுத்த சுவடிகளுள் சிலவற்றை டெய்லர் என்னும் பாதிரியார் 1835-இல் மொழிபெயர்த்து அச்சிட்டிருந்தார். அவற்றில் நாயக்க மன்னர் வரலாறு உள்நாட்டார் வாயிலாகக் கூறப்பட்டிருந்தது. மற்றொரு பால், 1606-இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நோபிலி முதலாக ஏசு சபைப் பாதிரிமார் ஆண்டுதோறும் ஐரோப்பாவிற்கு எழுதிய கடிதங்கள் இருந்தன. பஞ்சமும் போரும் அரசர் குணமும் அவற்றில் உடனுக்குடன் குறிக்கப்பட்டிருந்தன. நெல்சன் இவ்விரண்டையும் எதிரெதிர் நிறுத்தி, ஒன்று பிறிதொன்றை எங்கே உறுதிசெய்கின்றது, எங்கே மறுக்கின்றது என்று ஆராய்ந்தார். வாதியும் பிரதிவாதியும் கொணர்ந்த சாட்சிகளை நீதிபதி ஒத்துப்பார்க்கும் முறை இதுவேயன்றோ? திருமலை நாயக்கர், மங்கம்மாள் ஆகியோர் ஆட்சியைப் பற்றிப் பிற்காலத்தார் எழுதியவற்றிற்கெல்லாம் இந்நூல் ஒரு தொடக்கமாயிற்று.

குறைகளும் அந்நூலில் உள. அவற்றுட் சில காலத்தின் குறைகள். கல்வெட்டுக்களை முறையாகப் படியெடுக்கும் பணி சென்னையில் 1886-இல் ஹூல்ஷ் என்பார் சாஸன பரிசோதகராக நியமிக்கப்பட்ட பின்னரே வலுப்பெற்றது. புறநானூறு 1894-இல்தான் அச்சேறியது. ஆதலின் 1868-இல் பாண்டியர் பழங்கதையை எழுதப் புகுந்தவர்க்குத் தலபுராணங்களையன்றிப் பற்றுக்கோடு அதிகம் இல்லை. நாயக்கர் வரலாற்றினையும் ஆர். ஸத்தியநாதையர் 1924-இல் கல்வெட்டும் பிற சான்றும் கொண்டு விரிவாகத் திருத்தி எழுதினார். இவற்றால் நெல்சன் பெருமை குன்றாது; முன்னோன் இட்ட அடித்தளத்தைப் பின்னோன் சோதித்துக் கட்டுவதே கல்வியின் இயல்பு.

வேறொரு குறை காலத்தின்மேல் மட்டும் ஏற்றத்தக்கதன்று. ஒவ்வொரு சாதியாரையும் பற்றி, இவர் இத்தன்மையர், அவர் அத்தன்மையர் என்று பொதுப்படக் குணங்குற்றம் கூறும் வழக்கம் அந்நூலிலும் அக்காலத்து அரசாங்க நூல்கள் பலவற்றிலும் காணப்படுகின்றது. தனி மனிதன் மேல் குற்றஞ்சாட்ட நூறு சான்று கேட்கும் நீதிமுறை, ஒரு குலத்தார் முழுவதையும் பழிக்குமிடத்து ஒரு சான்றும் கேளாதிருந்தமை வியப்பே. இத்தகைய பொதுமொழிகள் ஏட்டளவில் நின்றுவிடவில்லை. 1911-ஆம் ஆண்டுக் குற்றப் பரம்பரையர் சட்டம் பின்னர்ப் பிரமலைக் கள்ளர் மேல் ஏவப்பட்டது. அதனை எதிர்த்த பெருங்காமநல்லூரில் 1920-ஆம் ஆண்டு ஏப்ரல் 3-ஆம் நாள் போலீஸார் சுட்டதில் பலர் மாண்டனர். சென்னை மாகாணத்தில் அச்சட்டம் 1947-இல் நீக்கப்பட்டது. சரித்திரம் எழுதுவோன் எழுதுகோலுக்கும் ஒரு பொறுப்புண்டென்பதை இது நமக்கு நினைவூட்டுகின்றது.

இனி, ஊர்ச் சரித்திரம் எழுதியது நெல்சனை எவ்வகை நீதிபதியாக ஆக்கிற்று என்பதைக் காண்போம். அவர் பின்னர்க் கடலூரில் ஜில்லா நீதிபதியாக விளங்கினார். தம் முன் வரும் குடிகளின் திருமணம், சுவீகாரம், பாகப்பிரிவினை ஆகியவற்றில் அவர்கள் மெய்யாகக் கைக்கொண்டு வந்த வழக்கம் ஒன்றாகவும், நீதிமன்றங்கள் இந்து சட்டம் என்று கொண்டது வேறொன்றாகவும் இருத்தலைக் கண்டார். அச்சட்டம் வந்த வழி இது: ஆங்கில நீதிபதிகள் வடமொழிப் பண்டிதரை வினவினர், பண்டிதர் மிதாக்ஷரம் முதலிய நூல்களினின்று விடை கூறினர், அவ்விடைகளையும் தீர்ப்புகளையும் ஸர் தாமஸ் ஸ்டிரேஞ்சு முதலியோர் நூலாக்கினர், 1864-இல் நீதிமன்றப் பண்டிதர் பதவி ஒழிந்த பின்னர் முந்தைய தீர்ப்புகளே அடுத்த தீர்ப்புகளுக்கு ஆதாரமாயின. மிதாக்ஷரத்தின் பெயரையும் கேட்டறியாத உழவனும் நெய்வோனும் மறவனும் அதன் விதிக்குட்பட்டவராகக் கருதப்பட்டனர்.

நெல்சன் 1877-இல் வெளியிட்ட இந்து சட்டம் பற்றிய நூலிலும், 1881-இலும் 1887-இலும் வெளியிட்ட நூல்களிலும் இதனைக் கடுமையாக மறுத்தார். பிராமணரல்லாத பெரும்பான்மைத் தமிழ் மக்கள் ஸ்மிருதிகளால் ஆளப்பட்டாரல்லர். அவர்க்கு உரியது அவரவர் வழக்கமே. நீதிபதிகளாற் புதிதாக ஆக்கப்பட்டதைப் பழைய சட்டமென்று அவர் தலையிற் சுமத்தலாகாது என்பது அவர் கொள்கை.

இஃது ஏட்டுச்சுரைக்காய் வாதமன்று. இதன் உண்மையை அவர் எழுதிய நாட்டிலேயே எழுந்த பெருவழக்கொன்று காட்டும். இராமநாதபுரம் ஜமீன்தாரிணி, இறந்த கணவன் அனுமதி கொடுத்திராதபோதிலும், உறவினர் இசைவுடன் ஒரு மகனைச் சுவீகாரம் செய்துகொண்டார். அது செல்லாதென்று மதுரைக் கலெக்டர் அரசாங்கத்தின் சார்பில் வாதித்தார். வழக்கு இலண்டன் பிரிவி கவுன்ஸில் வரை சென்றது. அவ்வவையார் 1868-இல், அஃதாவது நெல்சன் நூல் வெளிவந்த அதே ஆண்டில், தமிழ்நாட்டில் கணவனின் உறவினர் இசைவு பெற்ற விதவை சுவீகாரம் செய்யலாம் எனத் தீர்த்தனர். தெளிவாக மெய்ப்பிக்கப்பட்ட வழக்கம் எழுதிய நூல்விதியினும் வலியது என்ற கோட்பாட்டையும் அத்தீர்ப்பில் நிலைநாட்டினர். ஒரு நாட்டின் வழக்கத்தை அறிந்தோர் அறியாதோர் என்ற வேறுபாட்டினால் ஒரு விதவையின் உரிமையும் ஒரு குடும்பத்தின் எதிர்காலமும் நிலைபெறவோ அழியவோ கூடும் என்பதற்கு இதனின் வேறு சான்று வேண்டுமோ?

நெல்சன் கொள்கை உயர்நீதிமன்றத்தார்க்கு உவப்பாகவில்லை. அவ்வுயர்நீதிமன்ற நீதிபதியாகிய இன்னெஸ் என்பார் 1882-இல் கவர்னருக்கு எழுதிய கடித வடிவில் நெல்சனை மறுத்து ஒரு நூலே வெளியிட்டார். எதிர்த்தோர் பக்கத்திலும் நியாயம் இல்லாமலில்லை. சாதிக்கொரு சட்டமும் ஊர்க்கொரு முறையுமாயின், நீதி எப்படி நிலைபெறும்? முன்னைய தீர்ப்புகளை நம்பி நிலம் வாங்கியோரும் உயில் எழுதியோரும் என் செய்வர்? இவ்வினாக்கள் எளிதில் ஒதுக்கத்தக்கன அல்ல. நெல்சன் தம் கருத்தினின்றும் பின்வாங்கவில்லை. உயர்நீதிமன்றப் பதவிக்கு உயர்த்தப்படவுமில்லை. நாடு விடுதலை பெற்ற பின்னர், 1955, 1956-ஆம் ஆண்டுகளில் இந்து திருமணம், வாரிசுரிமை, சுவீகாரம் ஆகியவை பற்றிய சட்டங்கள் பாராளுமன்றத்தில் இயற்றப்பட்டன. அவற்றால் பொதுவிதி ஒன்று ஏற்பட்டது. விதவை தன் உரிமையாலேயே சுவீகாரம் செய்யவும் இயன்றது. எனினும், திருமணம் அவரவர் வழக்கச் சடங்குப்படி நடைபெறலாம் என்று அச்சட்டமே இடந்தருகின்றது. வழக்கத்தின் குரல் முற்றும் அடங்கிவிடவில்லை.

இவ்விடத்து ஓர் எச்சரிக்கையும் கூறுவோம். பழைய வழக்கம் என்பதனாலேயே ஒன்று நன்றாகிவிடாது. எளியோரை ஒடுக்கிய வழக்கங்களும் நம்மிடையே மிகப் பல இருந்தன. ஆயினும், ஒரு வழக்கத்தைக் காப்பதாயினும் களைவதாயினும், முதலில் அதனை உள்ளவாறு அறிதல் வேண்டும். அவ்வறிவைத் தருவது ஊர்ச் சரித்திரமே.

இனி நம் பக்கத்தை நோக்குவோம். கவரைப்பேட்டைக்குக் கிழக்கே, பழவேற்காட்டில் ஒல்லாந்தர் 1613-இல் கெல்திரியா என்னும் கோட்டை கட்டினர். ஆங்கிலேயர் சென்னையில் அடிவைத்தது அதற்கும் 26 ஆண்டுகள் கழித்து, 1639-இல். சோழமண்டலக் கரையில் ஒல்லாந்தர்க்குத் தலைமை நிலையமாயிருந்த அவ்வூரில், ஆண்டும் பெயரும் பொறித்த அவர்தம் கல்லறைகள் இன்றும் உள. பொன்னேரியிலும் சுற்றூர்களிலும் பழைய கோயில்கள் உள. ஆரணியாற்றுப் பாய்ச்சலில் ஏரிகளும் கால்வாய்களும் தத்தம் பெயரோடு விளங்குகின்றன. கும்மிடிப்பூண்டிப் பக்கத்திலோ ஆலைகள் நிறைந்த தொழிற்பேட்டை எழுந்துள்ளது. பழைய பேட்டையைப் புதிய பேட்டை மூடும் காலம் இது. வயல் ஆலையாகும்போது அவ்வயலின் பெயரும், மதகின் பெயரும், அவற்றை அறிந்த முதியோர் நினைவும் ஒருங்கே மறைந்துவிடுகின்றன.

ஆகவே நம் மாணவர் செய்யத்தக்க சிறு பணி ஒன்றைக் கூறி முடிப்போம். விடுமுறையில் தத்தம் ஊர்க்குச் செல்வோர் ஒரு குறிப்பேடு கொண்டுசெல்க. ஊரின் ஏரி, குளம், மேடு, தெரு, வயல் இவற்றின் பெயர்களை எழுதுக. கோயிற் சுவரிலோ கல்லறையிலோ எழுத்துக் காணின் அதனை மாற்றாது படியெடுக்க. வயது முதிர்ந்தோரிடம் பணிவுடன் அமர்ந்து, திருமணம், நீர்ப்பங்கீடு, ஊர்க்கூட்டம் ஆகியவை முன்னர் எங்ஙனம் நடைபெற்றன என வினவுக. கூறியவர் நேரிற் கண்டதா, கேட்டதா என்பதைப் பக்கத்திலேயே குறிக்க. ஒருவர் கூற்றை மற்றொருவர் மறுப்பாராயின் இரண்டையும் எழுதுக. ஊரின் ஒரு தெருவாரை மட்டும் வினவி வாராது எல்லாத் தெருவாரையும் வினவுக. ஒருதலைச் சாட்சியம் கேட்டுத் தீர்ப்பளிப்பவன் நீதிபதி ஆகான்.

கவரைப்பேட்டைக்குப் பெயர் வந்த வரலாற்றை இவ்வாறு தேடப் புகும் மாணவன், ஒருகால் நாம் முதலிற் கூறிய ஊகத்தையே உறுதிசெய்யலாம்; ஒருகால் அதனை முற்றும் மறுக்கவும் நேரலாம். இரண்டில் எதுவாயினும், சான்றின்றி ஒன்றை நம்பாமையும், சான்று கண்டபின் தன் விருப்பை விட்டுக்கொடுத்தலும் அவனுக்குப் பழக்கமாகும். அப்பழக்கம் உடையான் நாளை நீதிமன்றத்தில் அமரினும், வகுப்பறையில் நிற்பினும், ஆலையிற் பணிபுரியினும், தன் ஊர்க்கு நடுநிலை பிறழாத சாட்சியாக விளங்குவான்.