பாட்டு கேட்கிறது, மைக் வேலை செய்யவில்லையா?

முதலில் ஹெட்போன் பின்னைப் பாருங்கள். 3 கறுப்பு வளையம் இருந்தால் மைக் இணைப்பு உண்டு. 2 மட்டும் என்றால் பெரும்பாலும் பாட்டு கேட்க மட்டும்தான். பழைய லேப்டாப்களில் மைக்குக்குத் தனி ஓட்டை இருக்கும். அதற்கு 'ஒய்' வடிவ ஸ்பிளிட்டர் தேவை. கடையில் மைக்கையும் ஹெட்போனையும் பிரிக்கும் வகை என்று சொல்லிக் கேளுங்கள். இருவர் சேர்ந்து பாட்டு கேட்கும் வகை பார்ப்பதற்கு அப்படியே இருக்கும், உதவாது.

பின் சரியாக இருந்தால், விண்டோஸ் செட்டிங்ஸில் சிஸ்டம், சவுண்ட் போய் இன்புட்டில் ஹெட்செட் மைக்கைத் தேர்ந்தெடுங்கள். பிரைவசி பகுதியில் மைக்ரோபோன் அனுமதியையும் பாருங்கள்.

புளூடூத் ஹெட்போனில் மீட்டிங் தொடங்கியதும் ஒலி மங்குகிறதா? பயப்படாதீர்கள், பழுதில்லை. மைக்கும் சேர்ந்து இயங்கும்போது ஒலித்தரம் குறையும். இன்புட்டை லேப்டாப் மைக்குக்கு மாற்றினால் பெரும்பாலும் தெளிவாகிவிடும்.